மதிலுக்கு அந்தப் பக்கம்

பல வருஷம் முன்னால் நான் வேலை பார்த்த ஆலையில், பாய்லர் ரூமுக்குப் பின்னால் ஒரு குழாய் இருந்தது. ராத்திரி பகல் பாராமல் வெள்ளை வெள்ளையாக நீராவி கக்கும். மதிலுக்கு அந்தப் பக்கத்துக் கம்பெனியிலோ தண்ணீரைச் சுடவைக்க எண்ணெய் எரித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் நூறடிகூட இருக்காது. இரண்டு மேனேஜர்களும் ஒரே ரோட்டில்தான் வந்துபோனார்கள், பேசிக்கொண்டு நான் பார்த்ததில்லை.

"பசுமைத் தொழில்" என்று யார் மேடையேறினாலும் எனக்கு அந்தக் குழாய்தான் ஞாபகம் வரும்.

டென்மார்க்கில் கலுண்ட்போர் என்ற சின்னத் துறைமுக ஊர். அங்கே ஆலைகள் பேசிக்கொண்டன. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை சும்மா எரித்துத் தள்ளிய வாயுவை 1972இல் ஜிப்சம் பலகை செய்யும் ஆலை வாங்கிக்கொண்டது. அப்புறம் அனல்மின் நிலையத்து நீராவி சுத்திகரிப்பு ஆலைக்கும் இன்சுலின் தயாரிக்கும் ஆலைக்கும் போனது. மிச்சச் சூட்டில் ஊர் வீடுகள் குளிர் காய்ந்தன. மருந்தாலைக் கசடு வயலுக்கு உரமானது.

இதில் எனக்குப் பிடித்தது ஜிப்சம் கதை. நிலக்கரிப் புகையில் கந்தக டைஆக்சைடு இருக்கும். சுண்ணாம்புக்கல் கரைசலைப் புகைமேல் தெளித்தால் அதைப் பிடித்துக்கொள்ளும். அந்தக் குழம்புக்குள் காற்றை ஊதினால் கிடைப்பது ஜிப்சம், சுரங்கத்தில் தோண்டியெடுக்கிற அதே சரக்கு. புகையைச் சுத்தம் பண்ணப்போய் பக்கத்து ஆலைக்கு மூலப்பொருள்!

கலுண்ட்போரில் இதையெல்லாம் யாரும் மொத்தமாகத் திட்டம் போட்டுச் செய்ததில்லை. இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து, லாபம் பார்த்துப் போட்ட ஒப்பந்தங்கள். 'தொழில் கூட்டுவாழ்வு' என்று பேர் வைத்ததே 1989இல்தான்.

ஜிப்சத்தை லாரியில் ஏற்றித் தூரத்துக்கும் அனுப்பலாம். நீராவிக்கு அந்தப் பேச்சே இல்லை, போகிற வழியிலேயே ஆறிவிடும். அதனால்தான் பக்கத்து ஆள் முக்கியம். ஆனால் தன் பின்வாசலில் என்ன போகிறது என்று சொல்ல எல்லோருக்கும் கூச்சம், பயம். கழிவைச் சொன்னால் தயாரிப்பு ரகசியமும் வெளியே போய்விடுமாம்.

பயத்தில் ஒன்று மட்டும் நியாயமானது. ஒரு மின் நிலையம் நிலக்கரியை விட்டால் அதிலிருந்து வரும் ஜிப்சமும் நின்றுபோகும். பக்கத்து ஆலை பராமரிப்புக்கு மூடினால் நமக்கு நீராவி ஏது? மாற்று பாய்லரைத் தயாராக வைக்க வேண்டும், அந்தச் செலவு யார் தலையில் என்பதை முதலிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். இது பேசித் தீர்க்கிற விஷயம்தானே?

நான் வேலையை விட்ட வருஷம் பக்கத்துக் கம்பெனிக்காரர்கள் இன்னொரு பாய்லர் வாங்கினார்கள். அதன் புதுப் புகைபோக்கி எங்கள் கேன்டீன் ஜன்னலிலிருந்து நன்றாகத் தெரியும்.