தொலைநோக்கி இருக்கிறது, நேரம்தான் இல்லை

தொலைநோக்கியே இல்லாத பல்கலைக்கழகத்தில் வானியற்பியல் ஆய்வு எதற்கு என்று அண்மையில் ஒரு கூட்டத்தில் கேட்டார்கள். கேட்டவர் மூத்த பேராசிரியர், வேறு துறைக்காரர். குத்தலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அடுத்த பொருளுக்குப் போக வேண்டியிருந்ததால் இரண்டு வரியில் பதில் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். முழுப் பதிலை இங்கே எழுதுகிறேன். இந்தத் துறைக்கு வர நினைக்கும் மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் படித்தால் மகிழ்வேன்.

எங்கள் நாள் ஆர்க்கைவில் தொடங்குகிறது. உலகெங்கும் எழுதப்படும் வானியல் கட்டுரைகள் பெரும்பாலும் இதழில் அச்சாவதற்கு முன்பே இந்த இணையக் களஞ்சியத்துக்கு வந்துவிடும். 1991-ல் பால் கின்ஸ்பார்க் என்ற இயற்பியலாளர் தொடங்கியது. அமெரிக்கக் கிழக்குப் பகுதியில் இரவு எட்டு மணிக்குப் புதிய பட்டியல் வெளியாகும். நமக்கு அது விடிகாலை ஐந்தரை, அவர்களுக்குக் குளிர்காலமென்றால் ஆறரை. காப்பி ஆறுவதற்குள் தலைப்புகளைப் பார்த்துவிடுவேன். என் மாணவர்கள் செய்துகொண்டிருக்கும் வேலையை வேறு யாராவது முந்திச் செய்துவிட்டார்களா என்று பார்ப்பது முதல் காரியம். ஹார்வர்டில் இருப்பவருக்கும் எனக்கும் அந்தக் கட்டுரை ஒரே நிமிடத்தில் கிடைக்கிறது, சந்தா எதுவும் இல்லாமல். சிறிய ஊரில் வேலை செய்கிற ஒருவனுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை, வெளிநாட்டு இதழ்களுக்காக நூலக வாசலில் காத்திருந்த தலைமுறையைக் கேட்டால் சொல்வார்கள்.

பிறகு வகுப்பு. முதுகலை மாணவர்களுக்குப் புள்ளியியல் இயக்கவியல், வேறொரு பருவத்தில் மின்காந்தவியல். வானியற்பியல் விருப்பப் பாடமாக மட்டுமே வரும். இதில் எனக்குக் குறையில்லை. விண்மீனின் உட்புறம் புரிய வேண்டுமென்றால் இந்த இரண்டு பாடங்களும் இல்லாமல் ஓரடி நகர முடியாது. கரும்பலகையில் இயற்பியலாளர் மேக்நாத் சாகாவின் அயனியாக்கச் சமன்பாட்டை எழுதி முடித்துத் திரும்பும்போது, முன்வரிசையில் யாராவது ஒருவர் பேனாவை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தால், அந்த நாள் எனக்கு நல்ல நாள்.

மதியத்துக்குமேல் ஆய்வு. கேட்ட கேள்விக்கான விடை இங்கேதான் இருக்கிறது என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2013 டிசம்பரில் கையா என்ற விண்கலத்தை ஏவியது. பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் இருந்துகொண்டு, 2025 ஜனவரி வரை அது விண்மீன்களின் இடத்தைத் திரும்பத் திரும்ப அளந்தது. 2022 ஜூனில் வந்த மூன்றாம் வெளியீட்டில் 180 கோடிக்கும் மேற்பட்ட பொருள்கள் இருக்கின்றன. அந்தத் தரவை முன்கூட்டியே பார்த்து ஆய்வு செய்துகொள்ளும் தனியுரிமை அதை உருவாக்கிய விஞ்ஞானிகளுக்குக்கூடத் தரப்படவில்லை. உலகம் முழுவதற்கும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டார்கள். எங்கள் ஆய்வறையில் இருக்கும் சாதாரணக் கணினியிலும் அது இறங்குகிறது, மின்சாரம் இருந்தால்.

அதில் கடக விண்மீன் குழாம் இருக்கும் திசையில் எம் 67 என்ற விண்மீன் கொத்தை எடுத்துக்கொள்வோம். 2,800 ஒளியாண்டுத் தொலைவு, வயது 400 கோடி ஆண்டு, அதாவது நம் சூரியனைவிடச் சற்று இளையது. அந்தத் திசையில் இருக்கும் எல்லா விண்மீன்களையும் இறக்கி, ஒவ்வொன்றும் ஓராண்டில் வானில் எந்தப் பக்கம் எவ்வளவு நகர்கிறது என்று வரைந்தால், திரையெங்கும் புள்ளிகள் இறைந்து கிடக்கும். நடுவில் ஒரு மங்கலான பெரிய மேகம்: அவை வழியில் இருக்கும் தொடர்பில்லாத விண்மீன்கள். அதற்குச் சற்றுத் தள்ளி, தனியாக, அடர்ந்து ஒரு சிறிய திட்டு. அதுதான் எம் 67. ஒரே வாயு மேகத்தில் பிறந்து இன்னும் ஒன்றாகவே போய்க்கொண்டிருக்கும் கூட்டம். அந்தத் திட்டு ஓராண்டில் வானில் நகரும் அளவு, ஒன்றரைக் கிலோமீட்டருக்கு அப்பால் பிடித்திருக்கும் ஒரு தலைமுடியின் தடிமன்தான். அதைக் கையா அளந்திருக்கிறது. முதல்முறை இந்த வரைபடத்தைத் தானாகவே வரைந்து பார்க்கும் மாணவர் சிறிது நேரம் பேசமாட்டார். வகுப்பில் பல வாரம் சொல்லியும் ஏறாதது அந்தத் திட்டைக் கண்டதும் ஏறிவிடும்.

அடுத்து, அந்தத் திட்டில் உள்ளவற்றை மட்டும் பிரித்தெடுத்து, நிறத்தையும் ஒளிர்வையும் வைத்து இன்னொரு வரைபடம். எல்லாம் ஒரே வயது என்பதால், எடை மிகுந்தவை எரிபொருளை முடித்துக்கொண்டு சிவப்பாகி விலகியிருக்க வேண்டும். நீல நிறத்தில், அவ்வளவு பிரகாசத்தில், அந்த வயதுக் கொத்தில் எதுவுமே மிச்சமிருக்கக் கூடாது. ஆனால் இருக்கின்றன. ப்ளூ ஸ்ட்ராக்லர் என்று பெயர். ஆலன் சாண்டேஜ் 1953-ல் எம் 3 என்ற கொத்தில் இவற்றை முதலில் கண்டார். முதுமை எய்த கூட்டத்தில் இவை மட்டும் எப்படி இளமையாக நிற்கின்றன என்பதுதான் என் ஆய்வுப் பொருள். எத்தனையோ ஆண்டுகளாகியும் அலுக்கவில்லை.

இவற்றில் பல, அருகில் இருக்கும் துணை விண்மீனிடமிருந்து பொருளை வாங்கிக்கொண்டு புத்துயிர் பெற்றவை. கொடுத்துத் தீர்ந்த துணை சுருங்கி, எரிபொருள் முடிந்த சிறிய விண்மீனாக, அதாவது வெண்குள்ளனாகிவிடும். சூடாக இருப்பதால் அது புற ஊதாக் கதிரில் தெரியும். நம் ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளில், 2015 செப்டம்பரில் ஏவியது, 38 சென்டிமீட்டர் விட்டமுள்ள இரட்டைப் புற ஊதாத் தொலைநோக்கிகள் இருக்கின்றன. அவற்றைக் கொண்டு எம் 67-ல் ஒரு ப்ளூ ஸ்ட்ராக்லரின் பக்கத்தில் சூரிய எடையில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லாத வெண்குள்ளன் இருப்பதை இந்திய ஆய்வாளர்கள் 2019-ல் காட்டினார்கள். தனி விண்மீன் ஒன்று தானாகவே அவ்வளவு மெலிந்த வெண்குள்ளனாக மாறப் பிரபஞ்சத்தின் வயதே போதாது. ஆக, பொருள் கைமாறியிருக்கிறது. அந்தச் செயற்கைக்கோளின் தரவும் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு எல்லோருக்கும் திறக்கப்படுகிறது.

கையாவின் அட்டவணையில் ரூவே என்றொரு எண் வரும். தனி விண்மீன் என்று எடுத்துக்கொண்டு போட்ட கணக்கு அளவீடுகளோடு எவ்வளவு பொருந்துகிறது என்பதை அது சொல்லும். 1.4-க்கு மேல் போனால் பொருத்தம் சரியில்லை என்று பொதுவாக வைத்துக்கொள்கிறோம். "சார், இந்த வரிகளை நீக்கிவிடட்டுமா?" என்று புதிதாக வரும் ஆய்வு மாணவர்கள் கேட்பார்கள். உறுப்பினர் பட்டியலுக்கு வேண்டாம், ஆனால் தனிக் கோப்பில் எடுத்து வையுங்கள் என்பேன். கண்ணுக்குத் தெரியாத துணை ஒன்று இழுத்துக்கொண்டிருந்தால் விண்மீன் லேசாகத் தள்ளாடும், கணக்குப் பொருந்தாமல் போகும். குப்பை என்று ஒதுக்குகிற வரிசையில்தான் சில நேரம் நாம் தேடுவது இருக்கும். பைத்தானில் நிரல் எழுதக் கற்றுக்கொடுப்பது எளிது. எதை எறியக் கூடாது என்று கற்றுக்கொடுக்க, மாணவருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வேண்டும். அதற்கு நேரம் வேண்டும்.

பிறர் எடுத்த தரவை வைத்துச் செய்வது இரண்டாம்தர ஆய்வு என்று நினைப்பவர்கள் மேக்நாத் சாகாவை நினைத்துப்பார்க்க வேண்டும். 1920-ல் விண்மீன்களின் நிறமாலையை வெப்பநிலையோடு இணைத்த அயனியாக்கச் சமன்பாட்டை வெளியிட்டபோது அவர் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர். அவரிடம் தொலைநோக்கி கிடையாது. மற்றவர்கள் எடுத்து வெளியிட்டிருந்த நிறமாலை அளவீடுகள் இருந்தன, வெப்ப இயக்கவியல் இருந்தது. ஐந்து ஆண்டு கழித்து செசிலியா பெய்ன் அந்தச் சமன்பாட்டை ஹார்வர்டில் சேமித்து வைத்திருந்த, விண்மீன் நிறமாலைகள் பதிந்த பழைய கண்ணாடித் தட்டுகளின்மீது பயன்படுத்தி, விண்மீன்களில் ஹைட்ரஜனே மிகுதி என்று கண்டார். அந்தத் தட்டுகளும் அவருக்காக எடுக்கப்பட்டவை இல்லை.

நம் கொடைக்கானலிலும் அப்படியொரு புதையல் இருக்கிறது. 1904 முதல் அங்கே சூரியனைப் படம்பிடித்து வருகிறார்கள். ஜான் எவர்ஷெட் 1909-ல் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டதும் அங்கேதான். நூறாண்டைத் தாண்டிய அந்தப் படங்களை எண்ணிமமாக்கிப் பொதுவில் வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டின் எந்தக் கல்லூரியிலிருந்தும் ஒரு மாணவர் அவற்றை எடுத்து ஆராயலாம். எத்தனை இயற்பியல் துறைகளில் இதைச் சொல்லிக்கொடுக்கிறோம் என்று நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நேரில் போய் விண்மீன் பார்க்கும் வேலை முற்றிலும் இல்லாமல் போகவில்லை. ஜவ்வாது மலையில் காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தில் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் இருக்கிறது. திட்டம் எழுதி அனுப்பி, குழு ஏற்றுக்கொண்டால் சில இரவுகள் கிடைக்கும். அந்தி மங்குவதற்குள் வெறும் வானத்தைப் படமெடுத்துக் கருவியின் ஒவ்வொரு புள்ளியும் ஒளியை எப்படி வாங்குகிறது என்று பதிவுசெய்துகொள்ள வேண்டும். அந்தச் சில நிமிடம் எல்லோரும் பரபரப்பாக இருப்பார்கள். பிறகு மேகம் வந்தால் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். மாணவர்களை ஒருமுறையாவது கூட்டிக்கொண்டு போய்விடுவேன். எண்களுக்குப் பின்னால் குளிரும் தூக்கமும் உழைப்பும் இருப்பதை அவர்கள் பார்த்திருக்க வேண்டும்.

நேரம் கேட்டு விண்ணப்பிப்பது எங்கள் வாழ்க்கையின் பெரும் பகுதி. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் நான்காம் சுற்றுக்கு, 2024 அக்டோபரில், 2,377 விண்ணப்பங்கள் குவிந்தன. கேட்கப்பட்ட நேரம் இருந்த நேரத்தைப்போல் ஏறக்குறைய ஒன்பது மடங்கு. ஆனாலும் ஒரு நல்ல காரியம் நடந்திருக்கிறது. 2018-ல் ஹபிள் தொலைநோக்கி விண்ணப்பங்களில் ஆய்வாளரின் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் மதிப்பிடுபவர்களுக்குத் தெரியாமல் மறைக்கத் தொடங்கினார்கள். வெப் அதையே பின்பற்றுகிறது. மாநிலப் பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்த்ததும் புருவம் உயர்வதற்கு அங்கே வழியில்லை. இங்கே நம் நாட்டுக் குழுக்கள் எல்லாமே இதைச் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எழுதி முடித்த கட்டுரையை வெளியிடுவது இன்னொரு பாடு. பிரிட்டனின் ராயல் வானியல் கழகத்தின் இதழில் கட்டணமின்றி வெளியிட்டுவந்தோம். 2024 முதல் வாசிப்பவருக்கு இலவசம், செலவு எழுதுபவர் பக்கம் என்று மாறிவிட்டது. வாசிப்பு திறந்திருப்பதை வரவேற்கிறேன். ஆனால் அந்தத் தொகையைத் தரும் நிதித் தலைப்பே பல துறைகளில் கிடையாது. 1917-ல் சாகா கதிர்வீச்சு அழுத்தம் பற்றி எழுதிய நீண்ட கட்டுரையை அமெரிக்க இதழ் ஒன்றுக்கு அனுப்பினார். அச்சுச் செலவில் ஒரு பகுதியை ஏற்றால் போடுகிறோம் என்று பதில் வந்தது. அவரிடம் பணம் இல்லை. அந்தக் கட்டுரை அங்கே வெளியாகவில்லை. நூறாண்டுக்குப் பிறகும் இதே நிலையில் ஒரு மாணவர் நிற்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை. இந்திய அறிவியல் அகாதமியின் வானியல் இதழ் கட்டணம் கேட்பதில்லை. நல்ல கட்டுரைகளை நாம் அதற்கு அனுப்பினால்தான் அதன் மதிப்பும் உயரும். நான் அனுப்புகிறேன்.

ஆகவே தரவு இருக்கிறது, கட்டுரைகள் இருக்கின்றன, விண்ணப்பிக்கத் தொலைநோக்கிகள் இருக்கின்றன. பல்கலைக்கழக ஆசிரியர்களுக்குக் கைகொடுக்கவே 1988-ல் ஜெயந்த் நர்லிகர் தலைமையில் புனேயில் ஐயூகா என்ற பல்கலைக்கழகங்களுக்கான பொது வானியல் மையம் தொடங்கப்பட்டது. அங்கே போய்த் தங்கி வேலை செய்யவும் வழி இருக்கிறது. போவதற்கு விடுப்பு வேண்டும். விடுப்பு எடுத்தால் வகுப்பைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். ஓய்வுபெற்றவர்களின் இடங்கள் காலியாகவே கிடந்தால் அந்த ஆள் எங்கிருந்து வருவார்? இருப்பவர்கள் சேர்க்கைப் பணி, தேர்வு மேற்பார்வை, விடைத்தாள் திருத்தம், தரமதிப்பீட்டுக்கான படிவங்கள் என்று ஓடிக்கொண்டிருக்கிறார்கள். ஒரே புள்ளிவிவரத்தை வெவ்வேறு அட்டவணைகளில் வெவ்வேறு அலுவலகங்களுக்குக் கொடுக்கிறோம். கால் மணி நேரம் இங்கே, அரை மணி நேரம் அங்கே என்று கிடைக்கும் இடைவெளியில் மின்னஞ்சலுக்குப் பதில் எழுதலாம். ஒரு விண்மீன் ஏன் தள்ளாடுகிறது என்று யோசிக்க முடியாது. அதற்குக் கதவு தட்டப்படாத மூன்று மணி நேரம் தொடர்ச்சியாக வேண்டும்.

நான் கேட்பது கோடிக்கணக்கான பணம் இல்லை. ஆய்வு நடத்தும் ஒவ்வோர் ஆசிரியருக்கும் வாரத்தில் இரண்டு முற்பகல்களைக் கால அட்டவணையிலேயே ஒதுக்குங்கள். அந்த நேரத்தில் கூட்டம் வைக்காதீர்கள். காலியிடங்களை நிரப்புங்கள். ஆய்வு மாணவர்களின் உதவித்தொகையை மாதா மாதம் கொடுங்கள். நான்கு மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாக வரும் பணத்தில் வாடகை கட்ட முடியாது. கட்டுரைக் கட்டணத்துக்குப் பல்கலைக்கழக அளவில் ஒரு சிறு நிதி வையுங்கள். இவ்வளவும் செய்த பிறகு, இன்னும் தொலைநோக்கி இல்லையே என்று யாராவது கேட்டால், அப்போது அதையும் பேசலாம்.

கையாவின் நான்காம் வெளியீட்டை 2026 டிசம்பரில் திட்டமிட்டிருக்கிறார்கள். இதுவரை சராசரிகளாக வந்தவை இம்முறை ஐந்தரை ஆண்டுகளின் தனித்தனி அளவீடுகளாகவே வரவிருக்கின்றன. தள்ளாடும் விண்மீன்களின் பாதையை நாமே வரைந்து, துணையின் எடையைக் கணக்கிடலாம். எம் 67-ஐப் போல இருபது முப்பது பழைய கொத்துகளைப் பிரித்துக்கொண்டு வேலை செய்ய, கல்லூரி இயற்பியல் ஆசிரியர்கள் சிலரைச் சேர்க்க விரும்புகிறேன். வானியல் படித்திருக்க வேண்டியதில்லை. ஓரளவு பைத்தானும் நிறையப் பொறுமையும் போதும். விருப்பமுள்ளவர்கள் உங்கள் கல்லூரியில் எந்தக் கிழமை முற்பகல் ஓய்வாக இருக்கும் என்பதையும் சேர்த்து எனக்குத் தனிச்செய்தியில் எழுதுங்கள்.