அதே மொப், அதே மாடி, சேர்ட் மட்டும் புதுசு

போன ஞாயிறு மச்சாள் வீட்டை சாப்பிடப் போன இடத்தில கிளம்பின கதை இது, லோங் சேர்விஸ் லீவைப் பற்றி, அதாவது கனகாலம் வேலை செய்த ஆளுக்குச் சம்பளத்தோட கிடைக்கிற நீண்ட லீவு. கிளீனிங், செக்கியூரிட்டி வேலை செய்யிற ஆக்களும், முக்கியமா அந்த வேலைக்கு ஆள் வைச்சு நடத்திற என்னை மாதிரி ஆக்களும் கொஞ்சம் பொறுமையா வாசியுங்கோ.

மச்சாள் மெல்பேர்ண் சிட்டியில ஒரு ஒபிஸ் பில்டிங்கில பின்னேரக் கிளீனிங். ஒன்பது வருசமா அதே பில்டிங், அதே 11ஆம் மாடி. ஆனா இதுக்குள்ள மூண்டு கொம்பனி மாறிட்டுது. அவ ஒருநாளும் வேலை மாறேல்லை, கொன்ராக்ட்தான் மாறினது. வெள்ளிக்கிழமை பழைய சேர்ட்டைக் கழட்டிக் குடுத்து திங்கட்கிழமை புதுச் சேர்ட்டைப் போட்டா, அவ்வளவுதான் வித்தியாசம், மொப் கூட பழைய மொப்தான். பழைய முறைப்படி பார்த்தா ஒவ்வொருக்காலும் அவவின்ர சேவைக்காலம் பூச்சியத்தில இருந்து தொடங்கும், ஒரே முதலாளியிட்ட ஏழு வருசம் இருந்தால்தானே விக்டோரியாவில லோங் சேர்விஸ் லீவு. மூண்டு வருசத்துக்கு ஒருக்கா கொன்ராக்ட் கைமாறிற தொழில்ல ஆர் ஏழு வருசம் இருக்கிறது?

உதுக்குத்தான் போர்ட்டபிள் லோங் சேர்விஸ் எண்டு கொண்டு வந்தவை. 2018ல சட்டம், 2019 யூலை 1ல இருந்து நடைமுறை. கொன்ராக்ட் கிளீனிங், செக்கியூரிட்டி, கொம்யூனிட்டி சேர்விஸ், இந்த மூண்டுக்கும். பெண்டிகோவில ஒபிஸ் வைச்சு ஒரு அதிகாரசபை நடத்துது. முதலாளி மாறினாலும் ஆளின்ர கணக்கு ஆளோடயே போகும், அந்தத் துறைக்குள்ள ஏழு வருசம் நிறைஞ்சா ஆறு கிழமையை விடக் கொஞ்சம் கூடுதலான லீவு, சம்பளத்தோட.

சரி, இப்ப முதலாளி பக்கம். முதல்ல என்ர குற்றத்தைச் சொல்லிப்போடுறன். நானும் டண்டினோங் பக்கம் ஆறு பேரை வைச்சு சின்னதா கிளீனிங் எடுத்துச் செய்யிறன். தொடங்கின நேரம் இது பெரிய கொம்பனிகளுக்கு எண்டு நினைச்சு பேசாமல் இருந்திட்டன். எக்கவுண்டன் கேட்டபிறகுதான் விளங்கினது, ஒரே ஒரு கஷுவல் ஆள் வைச்சிருந்தாலும் அந்த அதிகாரசபையில பதியவேணும் எண்டு. பிந்திப் போய்ப் பதிஞ்சு, விட்ட குவாட்டர் (மூண்டு மாசக் கணக்கு) எல்லாத்தையும் ஒண்டொண்டா நிரப்பி, பழைய லெவி, அதாவது இந்த லீவுக்கெண்டு முதலாளி அதிகாரசபைக்குக் கட்டிற காசு, முழுக்க ஒரேயடியாக் கட்டி, அந்த மாசம் வீட்டில நான் ஆரோடயும் முகம் குடுத்துக் கதைக்கேல்லை.

ஆனா காசைக் கணக்குப் பார்த்தா அப்பிடிப் பெரிசா ஒண்டும் இல்லை. கிளீனிங்குக்கு நான் கட்டுறது சம்பளத்தில 1.8 வீதம். கிழமைக்கு 900 டொலர் எடுக்கிற ஆளுக்கு 16 டொலர் 20 சதம். ஆறு பேருக்கும் அதே சம்பளம் எண்டு வைச்சா மூண்டு மாசத்துக்கு 1,264 டொலர் அளவில வரும். பாஸ் (மூண்டு மாசத்துக்கு ஒருக்கா வரி ஒபிசுக்குக் குடுக்கிற கணக்கு) கட்டுற நேரத்தோட சேர்ந்து வாறதால கண்ணுக்குப் பூதமாத் தெரியுது. இதைக் கிழமைக்குக் கிழமை வேற எக்கவுண்டில ஒதுக்கி வைச்சா ஒண்டுமே தெரியாது. ஒண்டை மட்டும் நல்லா விளங்கிக் கொள்ளுங்கோ, இது முதலாளி தன்ர பையில இருந்து கட்டிற காசு. "உனக்குத்தானே லீவு வரப்போகுது, பாதியை நீ போடு" எண்டு சம்பளத்தில வெட்டேலாது. அப்பிடி வெட்டினா பே ஸ்லிப்பையும் கொண்டு போய் முறைப்பாடு குடுங்கோ, எங்கட ஆள், ஊர்க்காரன், ஒரே பள்ளிக்கூடம் எண்டு பார்த்துக்கொண்டு இராதேங்கோ.

என்னைக் கேட்டா காசை விட றிட்டேர்ன்தான் முக்கியம். மூண்டு மாசத்துக்கு ஒருக்கா ஆர் ஆர் வேலை செய்தது, எவ்வளவு சம்பளம் எண்டு பேரோட அனுப்பவேணும். அதில ஒரு பேரை விட்டா அந்த ஆளின்ர மூண்டு மாசம் களவு போனமாதிரி, அந்த ஆளுக்கு அது அப்ப தெரியவும் வராது, ஏழு வருசம் முடிஞ்சு கேக்கேக்கதான் தெரியும், அதுக்குள்ள கொம்பனியே இருக்குமோ தெரியாது. மச்சாளுக்கு நடந்தது இதுதான். நடுவில வந்த கொம்பனி அவவைச் சேர்க்கவே இல்லை. ரெண்டு வருசம் வெறுமையாக் கிடக்கு. சுப்பர் (முதலாளி போடுற ஓய்வுகாலச் சேமிப்புக் காசு) ஒழுங்கா வந்ததால இதுவும் போகுது எண்டு மனுசி நம்பிக்கொண்டு இருந்திருக்கு. ஒன்லைன்ல தன்ர கணக்கைத் திறந்து பார்க்கலாம் எண்டதே அவவுக்கு நான் சொல்லித்தான் தெரியும்.

பிறகு அந்த ஏபிஎன் விளையாட்டு, சொந்தத் தொழில் செய்யிற ஆக்கள் எடுக்கிற பிஸ்னஸ் நம்பர்தான் ஏபிஎன். ஸ்ரூடன்ற் விசாவில வாற பிள்ளைகளிட்ட ஏபிஎன் எடுக்கச் சொல்லிப்போட்டு, ரொஸ்டர் போடுறது நீங்கள், மெசின் குடுக்கிறது நீங்கள், சேர்ட் குடுக்கிறது நீங்கள், லீவு கேட்டா முறைக்கிறதும் நீங்கள், ஆனா அவன் சொந்தத் தொழில் செய்யிறானாம். சுப்பரும் மிச்சம், லெவியும் மிச்சம். இதுக்கு இங்க சட்டத்தில பேர் இருக்கு, தண்டமும் இருக்கு. உண்மையாத் தனியா ஓடுற ஆள் தானே பதிஞ்சு தானே கட்டலாம், அது வேற கதை.

முழுப்பழியையும் எங்களைப் போல சின்ன ஆக்களின்ர தலையில கட்டிறதும் சரியில்லை எண்டு சொல்லுவன். நான் லெவி, சுப்பர், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து வேலைக்கு ஒரு கோட் (விலை) குடுப்பன், இன்னொருத்தன் அதில நாலு வீதம் குறைச்சுக் குடுப்பான், பில்டிங் மனேஜர் ஒரு கேள்வியும் கேளாமல் அவனுக்குக் குடுப்பார். அவன் எங்க குறைச்சவன்? மொப்பிலயா, மருந்திலயா? கோட் வாங்கேக்க பதிவு நம்பரையும் கடைசி றிட்டேர்னையும் காட்டு எண்டு கேட்டா பாதிப்பேர் கோட்டே போட வரமாட்டினம்.

சிட்னி ஆக்கள் இது விக்டோரியாக் கதை எண்டு தாண்டிப் போகாதேங்கோ. அங்க கிளீனிங்குக்கு முந்தியே இருந்தது, 2025 யூலை 1ல இருந்து கொம்யூனிட்டி சேர்விஸுக்கும் வந்திட்டுது, 1.7 வீதம். பெண்டில் ஹில், துங்காபி பக்கம் என்டிஐஎஸ் (மாற்றுத்திறனாளிகளுக்கான அரசாங்க உதவித் திட்டம்) கொம்பனி திறந்து வைச்சிருக்கிற எங்கட ஆக்கள் எத்தினை பேர் பதிஞ்சிருக்கிறியள்? குயின்ஸ்லாந்திலயும் கன்பராவிலயும் கூட இருக்கு, வீதம்தான் வேற வேற.

இந்த லீவு எப்பிடி வந்தது எண்டு தெரியுமோ? 19ஆம் நூற்றாண்டில இங்க இருந்த வெள்ளைக்கார உத்தியோகத்தர் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போய்ச் சொந்தபந்தத்தைப் பார்த்திட்டு வரக் குடுத்த லீவு. ஊருக்குப் போய்வரவெண்டே உண்டாக்கின லீவு. மச்சாளும் உதுக்குத்தான் பார்த்துக்கொண்டு இருக்கிறா, தாய் சாவகச்சேரியில தனிய, ரெண்டு கிழமை லீவில போனா போய் இறங்கி அலுப்புத் தீரமுதலே திரும்பவேணும்.

இப்ப விடுபட்ட ரெண்டு வருசத்துக்கும் ஆதாரம் சேர்க்கிறம். பதினாலு நாளுக்கு ஒரு பே ஸ்லிப் எண்டா 52 வரவேணும். சப்பாத்துப் பெட்டி, அலுமாரி, பழைய போன் எல்லாம் கிண்டி 31 எடுத்தாச்சு. அந்தக் கொம்பனியில அந்த நேரம் வேலை செய்த ஆக்கள் இதை வாசிச்சா இன்பொக்ஸ் பண்ணுங்கோ, பேர் இங்க போடமாட்டன்.