சிறு பயனர் குழுவுக்குத் தனி இடம் கொடுத்தால் போதுமா?

கட்டற்ற மென்பொருள் திட்டங்களில், எண்ணிக்கையில் குறைந்த பயனர்களுக்கெனத் தனிக் குழு தொடங்க வேண்டும் என்று யாராவது கேட்டால், "பத்துப் பேருக்காக ஒரு குழுவா, பொதுவிலேயே கேட்கட்டுமே" என்ற பதில் உடனே வந்துவிடுகிறது. இந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை.

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் நிறுவியைப் பென் டிரைவில் ஏற்றிக் கணினியைத் தொடங்கினால், தேர்வுப் பட்டி (மெனு) வந்ததும் 'பீப்' என்று ஓர் ஒலி கேட்கும். எஸ் விசையை அழுத்தி என்டர் தட்டினால், சற்று நேரத்தில் நிறுவி பேசத் தொடங்கும். திரையை அணைத்துவிட்டே நிறுவலை முடித்துவிடலாம். 2013இல் வெளியான டெபியன் 7 முதல், பிரெய்ல் கருவி இல்லாத பார்வையற்றவரும் பிறர் துணையின்றி நிறுவ முடிகிறது. பட்டியைக் கண்ணால் பார்ப்பவருக்கு அந்தச் சின்ன ஒலியின் தேவையே தோன்றாது. வைஃபை வரவில்லை, அச்சுப்பொறி ஓடவில்லை என்று ஆயிரம் குரல்கள் ஒலிக்கும் பொது இடத்தில் இத்தகைய நுணுக்கங்கள் மூழ்கிப்போகும். டெபியனில் அணுகல்தன்மைக்கென்று, அதாவது மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த வழிசெய்வதற்கென்று, தனிக் குழு இருப்பது இதனால்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மருத்துவத் துறையினருக்காக 2002இல் தொடங்கிய டெபியன் மெட் திட்டத்தையும் அவ்வாறே கருதுகிறேன்.

ஆனால் தனி இடம் ஒதுக்கியதோடு கடமை முடிந்தது என்று திட்டங்கள் நினைத்துவிடுகின்றன. எனக்கு உண்மையான வருத்தம் இதில்தான். லினக்ஸில் நிரல்களின் சாளரங்களைத் திரையில் காட்டும் பழைய அமைப்பான எக்ஸ் 11இல் ஒரு நிரல், மற்ற நிரல்களுக்குச் செல்லும் விசை அழுத்தங்களையும் கவனிக்க முடியும். கடவுச்சொல்லைத் திருடும் நிரல்களுக்கு இது வசதி என்பதால், அதற்கு மாற்றாக வந்த வேலாண்ட் அந்த வழியை அடைத்தது. காரணம் நியாயமானதே. ஆயினும் திரையில் உள்ளதைப் பார்வையற்றவருக்குப் படித்துச் சொல்லும் ஓர்கா போன்ற திரைவாசிப்பான் இயங்குவதற்கு அதே வழிதான் தேவைப்பட்டது. ஃபெடோரா என்ற மற்றொரு லினக்ஸ் இயங்குதளத்தின் 25ஆம் பதிப்பு, 2016 நவம்பரில் க்னோம் என்ற திரைமுகப்புச் சூழலுக்கு வேலாண்டை இயல்புநிலையாக்கியது, அதாவது பயனர் மாற்றாவிட்டால் தானாகவே இயங்குவதாக வைத்தது. மடிக்கணினியில் ஓர்காவின் கட்டளை விசையான கேப்ஸ் லாக் உள்ளிட்டவை வேலாண்டில் ஒழுங்காக இயங்கியது, 2025 மார்ச்சில் க்னோம் 48 வந்த பிறகுதான். ஓர்கா பயனர்கள் கூடிப் பேச இடம் இல்லாமல் இல்லை. இயல்புநிலையை மாற்றும் முடிவு எடுக்கப்பட்ட இடத்தில்தான் அவர்கள் குரலுக்கு எடை இல்லை.

ஆகவே தனிக் குழு தொடங்கும் திட்டம், நிரலை ஏற்கவும் மறுக்கவும் அதிகாரமுள்ள ஒருவரையாவது அதில் அமர்த்த வேண்டும். திரைவாசிப்பான் இயங்காமல் போவதை, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்காமல், வெளியீட்டையே நிறுத்திவைக்கும் பிழையாகப் பதியவும் வேண்டும்.