பேண்ட் பிள்ளைக்குத் தனி வகுப்பு வீண் செலவா?

கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் பிள்ளையை மட்டக்களப்புக் கல்லடிப் பாலம் தாண்டி ஏற்றி இறக்கும் பெற்றோர்கூட, பள்ளிக்கூட பேண்ட் வாத்தியக் குழுவில் ட்ரம்பெட் ஊதும் பிள்ளைக்குக் கிழமையில் அரை மணித்தியாலம் தனி வகுப்பு என்றால் "அதுதான் பள்ளிக்கூடத்தில சொல்லிக் குடுக்கிறாங்களே" என்பார்கள். பள்ளிக்கூடத்தில் நடப்பது ஒத்திகை. முப்பது பேர் சேர்ந்து வாசிக்கும்போது மாஸ்டருக்குக் கேட்பது மொத்தச் சத்தம். மூன்றாவது வரிசையில் ஒருவன் கன்னத்தை உப்ப வைத்து ஊதுவது அதற்குள் அமுங்கிப்போகும். அவரைக் குறை சொல்லவும் முடியாது. இல்ல விளையாட்டுப் போட்டிக்குக் கொஞ்ச நாள்தான் இருக்கும், அணிநடைக்குப் பாட்டு தயாராக வேண்டும்.

அந்த அவசரத்தில் பிறப்பதுதான் இலக்கத் தாள். இசைக் குறியீட்டுக்குப் பதிலாக 0, 13, 12, 1 என்று, விரலால் அழுத்தும் வால்வின் இலக்கத்தை எழுதிக் கொடுப்பது. 0 என்றால் எதையும் அழுத்தாமல், 13 என்றால் முதலாவதையும் மூன்றாவதையும் சேர்த்து. ட்ரம்பெட்டில் கீழ் ஸி, ஜி, மேல் ஸி என்ற மூன்று சுரங்களுக்குமே 0 தான். கீழ் ஈ-க்கும் ஏ-க்கும் 12. எது ஒலிக்கும் என்பதை உதடும் காற்றும்தான் தீர்மானிக்கும். பாட்டு காதில் இருக்கும்வரை பிள்ளை சமாளிக்கும், புதுப் பாட்டு வந்தால் முழிக்கும். மாஸ்டருக்கு இடமாற்றம் வந்தால் முழு பேண்டுமே முழிக்கும்.

தனி வகுப்பில் முதல் இரண்டு மாதம் அணிநடைப் பாட்டைத் தொடவே கூடாது என்பேன். ஜி-யை 8 எண்ணிக்கைக்கு அசையாமல் ஊதி, 8 எண்ணிக்கைக்கு ஓய்வு. உதட்டு ஓரம் இறுக்கம், நடு தளர்வு. மேல் சுரம் வராவிட்டால் பிள்ளை மவுத்பீஸை, அதாவது வாய் வைத்து ஊதும் முனையை, உதட்டோடு அழுத்தும். இரத்த ஓட்டம் குறைந்து கொஞ்ச நேரத்தில் உதடு மரத்துவிடும், பிறகு கீழ்ச் சுரமும் வராது. கண்டுபிடிக்க எளிய வழி: வலக்கைச் சின்ன விரலைக் கொக்கியில் இருந்து எடுத்துவிட்டு ஊதச் சொல்லுங்கள். மேல் சுரம் உடனே காணாமல் போனால், இவ்வளவு நாளும் காற்றுக்குப் பதில் கைதான் வேலை செய்திருக்கிறது. இன்னொன்று, 13 பிடித்து ஊதும் கீழ் டி இயல்பாகவே சுருதி கூடி நிற்கும். மூன்றாவது வால்வுக் குழாயை, அதில் உள்ள வளையத்தில் இடக்கை மோதிர விரலை விட்டு, கொஞ்சம் வெளியே தள்ள வேண்டும். அந்த வளையம் அதற்குத்தான் என்று அறியாமலே பள்ளிக்கூடத்தை விட்டுப் போகிற பிள்ளைகள் உண்டு.

ட்ரம்பெட் மாஸ்டர் கிடைக்கவில்லையா? பக்கத்தில் கர்நாடக சங்கீத ஆசிரியர் இருப்பார். சுருதிப் பெட்டியை 6½ கட்டையில் வைத்தால் பி பிளாட் ட்ரம்பெட்டின் ஸி அதோடு சேரும். உதட்டை அவர் திருத்த முடியாது, காதையும் தாளத்தையும் திருத்துவார். அது பாதி வேலை.

இரண்டு குச்சியால் அடிக்கும் சைட் டிரம் வேறு கதை. அங்கே பிரச்சினை இடக்கை. மைதானத்தில் வலக்கைச் சத்தம் அதை மூடிவிடும். பலகையில் பழைய ரப்பர் துண்டை ஒட்டி, போனில் தாளம் தட்டும் மெட்ரோனோம் போட்டு, நிமிடத்துக்கு 60 தட்டில் வலம்-இடம்-வலம்-வலம், இடம்-வலம்-இடம்-இடம். பிழையில்லாமல் 8 தடவை வந்தால் மட்டும் 4 கூட்டுங்கள். அணிநடை வேகம் 120-ஐ ஒட்டியது, அங்கே போக மாதங்கள் ஆகும். குச்சியை இறுக்கிப் பிடித்தால் அது துள்ளாது, ரோல் எனும் தொடர் உருட்டல் அடி களியாகிவிடும். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் பிடி, மற்ற விரல்கள் தளர்வாக.

பேஸ் டிரம், சிம்பலுக்கு மாதக்கணக்கில் காசு கொடுக்காதீர்கள், நாலைந்து வகுப்பு போதும்.

நம்ம கடற்கரை உப்புக் காற்றில் பித்தளைக்குக் களிம்பு ஏறும். வால்வுக்கு வால்வு ஒயில் மட்டும். தேங்காய் எண்ணெய் விட்டால் பிசினாகி வால்வு சிக்கும். குழாய் இணைப்புக்கு வாஸ்லின் பரவாயில்லை. மாதம் ஒருமுறை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவுங்கள். கொதிநீர் பட்டால் மேல்பூச்சு உரியும். மவுத்பீஸ் இறுகினால் குறடு போடாதீர்கள், குழாய்தான் முறுகும்.

செலவு கூடுதலென்றால் ஒரே வாத்தியம் வாசிக்கும் இரண்டு பிள்ளைகளை 45 நிமிடத்துக்குச் சேர்த்து விடலாம். மூன்று பேரானால் அது மறுபடி ஒத்திகைதான். வீட்டில் தினமும் 20 நிமிடம், ஞாயிற்றுக்கிழமை ஒரேயடியாக இரண்டு மணித்தியாலம் வேண்டாம். பேண்ட் மாஸ்டரிடம் பிள்ளைக்கு எந்தப் பகுதி என்று கேட்டு, அந்தத் தாளையும் வகுப்புக்குக் கொடுத்து அனுப்புங்கள். விளையாட்டுப் போட்டி முடிந்த கிழமையே தொடங்குங்கள். மார்கழி மழைக்குள் அவசரமாகத் தொடங்கினால், தனி வகுப்பு மாஸ்டரும் இலக்கத் தாள்தான் எழுதித் தருவார்.