மேசைக்கடியில் ஒரு பெடல்

மேசைக்கடியில் வைத்து மிதிக்கிற இந்தக் குட்டி பெடல் மெஷினைச் செய்கிறவர்கள், ஒரு தடவையாவது ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து மிதித்துப் பார்த்தார்களா? நம் நாற்காலிக்கு ஐந்து சக்கரம். முன்னால் ஒரு மிதி, நாற்காலி பின்னால் போய்விடுகிறது.

அடுத்தது முட்டி. ஆபீஸ் மேசை சுமார் 75 செ.மீ. உயரம்தான். அதிலும் கீபோர்டு பலகை தொங்கினால் காலுக்கு என்ன இடம் மிஞ்சும்? பெடல் மேலே வரும்போதெல்லாம் இடி. நாற்காலியைத் தாழ்த்தினால் டைப் அடிக்கத் தோளைத் தூக்க வேண்டும், சாயங்காலம் கழுத்து வலி.

மலிவு மாடலில், மிதிப்பதைக் கடினமாக்கும் திருகை இறுக்கி மிதித்தால் உராய்வில் நடுப்பகுதி சூடாகிவிடும். உராய்வுக்குப் பதில் காந்தத்தால் இறுக்கம் தருகிற மாடல் பரவாயில்லை, சத்தமும் குறைவு. ஆனால் விலை!

எனக்கு வயிறு எரிவது அந்தக் கலோரி மீட்டரைப் பார்த்துத்தான். என் எடை அதற்குத் தெரியாது, திருகு எவ்வளவு இறுக்கம் என்றும் தெரியாது. சுற்றை எண்ணி ஏதோ ஒரு கணக்கு காட்டுகிறது. அதை நம்பிச் சாயங்கால நடையையே விட்டவர்கள் இருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் உடற்பயிற்சி, அதுவும் கொஞ்சமாவது மூச்சு வாங்குகிற மாதிரி. மெயில் அடித்துக்கொண்டே மெல்ல மிதித்தால் மூச்சு எங்கே வாங்கும்?

நடுவில் பத்து நிமிடம் எழுந்து நடக்க விடுங்கள் என்று கேட்டால், ஆளுக்கொரு பெடல் வாங்கித் தரட்டுமா என்கிறது நிர்வாகம்.