ஆரம்பாக்கத்தோடு முடிந்துவிடுவதில்லை சென்னை

திருவொற்றியூரில் ஏறி, தடாவில் இறங்கி, ஸ்ரீசிட்டி தொழில்நகரில் வேலை பார்த்துவிட்டு அதே வழியில் வீடு திரும்புவது ஒன்பது ஆண்டுகளாக என் அன்றாடம். சென்னை சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து புறப்படும் யூனிட் வண்டி, அதாவது புறநகர் மின்சார ரயில், ஏறக்குறைய 83 கிலோமீட்டர் ஓடி ஆந்திரத்தின் சூலூர்பேட்டை வரை போகிறது என்பது தென்சென்னை நண்பர்கள் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களுக்கும் அது யாரோ போகும் ஊர். எங்களுக்கோ அது பிழைப்பு.

தமிழ்நாட்டின் கடைசி நிலையமான ஆரம்பாக்கத்தில் பெயர்ப்பலகையின் மேல்வரி தமிழ். அடுத்து வரும் தடாவில் அந்த இடம் தெலுங்குக்கு. பெட்டிக்குள் அப்படி எந்தக் கோடும் கிடையாது. பொன்னேரியில் மல்லிகைப் பூவுக்குத் தமிழில் பேரம் பேசிய பெண், எளாவூர் வருவதற்குள் கைபேசியில் மாமியாரிடம் தெலுங்கில் பேசிக்கொண்டிருப்பார். 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிரியும்வரை நெல்லூரும் சென்னை மாகாணத்தில்தான் இருந்தது. 1960இல் திருத்தணி இங்கே வந்தது, பொன்னேரி வட்டத்துக் கிராமங்கள் சில அங்கே போயின. பெண் கொடுத்து, பெண் எடுத்த குடும்பங்கள் இரு பக்கமும் அப்படியேதான் இருக்கின்றன. ரயில்வே நிர்வாகமும் மாநில எல்லையைத் தன் எல்லையாகக் கொள்ளவில்லை. தெற்கு ரயில்வேயின் சென்னைக் கோட்டம் தடாவையும் சூலூர்பேட்டையையும் தாண்டிக் கூடூர்ப் பக்கம் வரை நீள்கிறது.

அப்படியிருந்தும் வடக்கே வரும் யூனிட்களில் பெரும்பாலானவை கும்மிடிப்பூண்டியோடு நின்றுவிடுகின்றன. எளாவூர், ஆரம்பாக்கம், தடா, அக்கம்பேட்டை, சூலூர்பேட்டை என்று மீதமுள்ள ஐந்து நிலையங்களுக்கும் நாளில் சில வண்டிகள் மட்டுமே. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்கு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பது அந்த நடைமேடையில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும்.

இரவுப் பணிக்குப் போன ஒரு மாலையில் கும்மிடிப்பூண்டி பெஞ்சில் என் பக்கத்தில் ஒரு மூதாட்டி உட்கார்ந்திருந்தார். சென்ட்ரலுக்கு எதிரே உள்ள அரசுப் பொது மருத்துவமனைக்குக் காலையிலேயே வந்தவர். எக்ஸ்ரே உறையை மடங்காமல் மடியில் நிமிர்த்திப் பிடித்திருந்தார். காற்றடிக்கும் போதெல்லாம் முந்தானையால் அதை மூடினார். "பண்டி எப்புடு வஸ்துந்தி கண்ணு, எட்டு மணி ஆயிடுமா?" என்று பாதி தெலுங்கிலும் பாதி தமிழிலும் கேட்டார். நாங்கள் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். சூலூர்பேட்டையில் இறங்கியபின் ஊருக்குப் போக அவருக்கு ஆட்டோ கிடைக்க வேண்டும். நான் தடாவில் இறங்கிவிட்டேன்.

பாதையில் இடமில்லை என்பது உண்மையான காரணம்தான், அதை நான் மறுக்கவில்லை. அத்திப்பட்டைத் தாண்டினால் இரண்டே பாதைகள். விஜயவாடா, ஹவுரா, டெல்லி விரைவு வண்டிகளும் சரக்கு வண்டிகளும் நம் யூனிட்டும் அவற்றில்தான் ஓடியாக வேண்டும். 2024 அக்டோபர் 11 இரவு கவரைப்பேட்டையில் பாக்மதி விரைவு வண்டி லூப் பாதையில் (பிரதான பாதையிலிருந்து பிரியும் பக்கப் பாதை) நின்ற சரக்கு வண்டியின் மீது மோதியபோது, இந்தத் தடம் முழுவதும் எவ்வளவு இறுக்கமாக ஓடிக்கொண்டிருக்கிறது என்பது எல்லோருக்கும் புரிந்திருக்க வேண்டும். மூன்றாவது, நான்காவது பாதைகள் கும்மிடிப்பூண்டியோடு நிற்காமல் சூலூர்பேட்டை வரை போக வேண்டும்.

அதுவரை ஒன்று செய்யலாம். கும்மிடிப்பூண்டிக்கும் சூலூர்பேட்டைக்கும் நடுவே மட்டும் காலையிலும் மாலையிலும் ஒரு வண்டி போய்வரட்டும். சென்னையிலிருந்து யூனிட் வந்து சேர்ந்த பத்து நிமிடத்தில் அது புறப்பட வேண்டும். முப்பத்தைந்து கிலோமீட்டர் அளவு தூரத்துக்கு இது பெரிய கோரிக்கை அல்ல.

சென்னைப் பெருநகரப் பகுதியை 2022இல் 5,904 சதுர கிலோமீட்டராக விரித்தபோது வரைபடம் மாநில எல்லையில் நின்றது. சட்டப்படி அது அங்கேதான் நிற்க முடியும். ரயிலுக்கு அந்தத் தடை இல்லை. இங்கே திருவள்ளூர், அங்கே திருப்பதி என இரண்டு மக்களவைத் தொகுதிகள் இந்தத் தடத்தில் இருக்கின்றன. ஒருவர் மட்டும் கேட்டால் அடுத்த மாநிலத்துக்காரர்களின் பிரச்சினை என்று தள்ளிவிடுவார்கள். ஆகவே இரு உறுப்பினர்களுக்கும் ஒரே மனுவைத் தமிழிலும் தெலுங்கிலும் எழுதி வைத்திருக்கிறேன். இந்த வண்டியில் போய்வருபவர்கள் பின்னூட்டத்தில் உங்கள் நிலையத்தின் பெயரைச் சொல்லுங்கள். வரும் திங்கட்கிழமை காலை வண்டியில், நடுப்பெட்டியில், கையெழுத்துத் தாளோடு இருப்பேன்.