காற்றுக்குப் போன பெயர்

மங்கோலியர் ஜப்பான்மீது படையெடுத்த கதையை யார் எடுத்தாலும் கடைசியில் புயலில் கொண்டுபோய்த்தான் முடிக்கிறார்கள். 'கமிகாசே', அதாவது தெய்வக் காற்று வந்தது, கப்பல்கள் கவிழ்ந்தன, நாடு பிழைத்தது, சுபம். எனக்கு இதில் ரொம்ப நாளாக ஒரு மனத்தாங்கல். 1281-ல் புயல் வந்தது உண்மைதான். ஆனால் மங்கோலியப் பேரரசர் குப்ளாய் கான் அனுப்பிய அத்தனை பெரிய படை அதுவரைக்கும் ஏன் கப்பலிலேயே கிடந்தது?

கியூஷு தீவின் ஹகாட்டா கரையில் ஜப்பானியர் அதை ஏற விடவில்லை. அதனால்தான்.

1274-ல் முதல் படை வந்தபோது நிலைமை வேறு. சுஷிமா தீவில் சோ சுகெகுனி எண்பது பேரோடு எதிர்த்து நின்று மாண்டார். அடுத்து இக்கி தீவு விழுந்தது, அப்புறம் ஹகாட்டா விரிகுடா. அந்தப் படை திரும்பிப் போனதும், அப்போது ஜப்பானை ஆண்ட காமகுரா சாமுராய் அரசு சும்மா இருக்கவில்லை. 1276-ல் ஹகாட்டா கரையோரமாகச் சுமார் 20 கிலோமீட்டருக்குக் கல்மதில் எழுப்பியது. உயரம் இரண்டு, மூன்று மீட்டர். யாருக்கு எவ்வளவு நிலமோ அந்தக் கணக்கில் அவரவர் பங்கைக் கட்ட வேண்டும், முறைவைத்துக் காவலும் இருக்க வேண்டும். இரண்டாம் படை இந்த மதிலைப் பார்த்துத்தான் ஷிகா தீவுப் பக்கம் ஒதுங்கியது. கோனோ மிச்சியாரி என்பவர் மதிலுக்குப் பின்னால் ஒளியாமல், அதை முதுகுக்கு விட்டு முன்னால் பாசறை போட்டாராம். இரவில் சின்னப் படகுகளில் போய்க் கப்பலேறி வெட்டிவிட்டு வந்தவர்களும் உண்டு.

எனக்குப் பிடித்தவர் தகெசாகி சுவெநாகா. ஹிகோ மாகாணத்துச் சாதாரண சாமுராய், பெரிய வசதியில்லை. 1274-ல் ஐந்தே குதிரைகளோடு எதிரிமேல் பாய்ந்தார். குதிரை அடிபட்டது, அவருக்கும் காயம். ஆனால் பரிசுப் பட்டியலில் பெயரில்லை. மனுஷன் விடவில்லை. குதிரையையும் சேணத்தையும் விற்று வழிச்செலவுக்கு வைத்துக்கொண்டு, கியூஷுவிலிருந்து அரசு இருந்த காமகுரா நகருக்கே போய்விட்டார். அங்கே அதிகாரி அதாச்சி யசுமோரி கேட்கிறார்: எதிரியின் தலை கொண்டுவந்தாயா? உன் ஆள் யாராவது செத்தானா? இரண்டும் இல்லை. அப்படியென்றால் வெறும் காயம்தானே! 'நான் சொல்வது பொய்யென்றால் என் தலையை வாங்கிக்கொள்ளுங்கள்' என்று இவர் அசையவில்லை. கடைசியில் நிலப் பொறுப்பும் ஒரு குதிரையும் கிடைத்தன. அலுவலகப் படியேறி அலுத்தவர்களுக்கு இந்த ஆளைப் பிடிக்காமல் போகாது.

1281-ல் புயலுக்குப் பிறகு, மிச்சக் கப்பல்களை விரட்டும்போதும் அவர் இருந்தார். பொய் சொல்லி யாருடைய படகிலோ தொற்றிக்கொண்டதில் தலைக்கவசம் வரவில்லை. கால்கவசத்தைக் கழற்றித் தலையில் கட்டிக்கொண்டு சண்டைக்குப் போனார்.

மற்றவர்கள் பாடு மோசம். வெளியிலிருந்து வந்த எதிரியை விரட்டியதில் பங்குபோட்டுக் கொடுக்க ஒரு துண்டு நிலம்கூடக் கிடைக்கவில்லை. இதற்கிடையில் கோயில்களும் மடங்களும், 'எங்கள் பிரார்த்தனையால்தான் காற்று வந்தது' என்று கூலி கேட்டு நின்றன. மதில் கட்டியவனுக்குக் கடன், மந்திரம் சொன்னவனுக்குப் புகழ். அந்தக் கசப்பும் சேர்ந்துதான் 1333-ல் காமகுரா அரசு கவிழ்ந்தது என்பேன்.

சுவெநாகா தன் சண்டைகளைப் படச்சுருளாக வரையவைத்தார். தலைக்குமேல் குண்டு வெடிக்கிறது, குதிரை ரத்தம் சிந்துகிறது, மதில்மேல் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். மிஞ்சியிருக்கும் அந்தப் படங்களில் புயலைத் தேடிப் பார்த்தேன். காணோம்.